வெயிலை அளப்பது எவ்வாறு?

"இன்றைக்கு எத்தனை பாகை?" என்று கேட்பது கோடையில் நம் வழக்கம். கைப்பேசியைப் பார்த்து ஒருவர் முப்பத்தாறு என்பார். சேலத்தில் நாற்பது என்பார் இன்னொருவர். பெங்களூரில் இருப்பதே பாக்கியம் என்று மூன்றாமவர் முடித்துவைப்பார். அவர்கள் கூறும் எண் பிழையானது அன்று. ஆயினும் வெயிலில் நின்று உழைப்பவன் உடலுக்கு என்ன நேரும் என்பதை அவ்வெண் நமக்குச் சொல்லாது. அதைச் சொல்வது வேறோர் எண். அது யாது, அதை எவ்வாறு காண்பது, கண்டபின் என் செய்வது என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். பாகை என இங்குக் குறிப்பதெல்லாம் சென்டிகிரேட் பாகையே.

2024-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 6-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, சென்னை மெரினாக் கடற்கரையில் இந்திய விமானப் படையின் வான் சாகசக் காட்சி நடைபெற்றது. முற்பகல் பதினொரு மணி முதல் பிற்பகல் ஒரு மணி வரை பல லட்சம் மக்கள் திறந்த மணலில் நின்று வானை நோக்கியிருந்தனர். அன்று ஐவர் உயிரிழந்தனர். மயங்கி விழுந்து மருத்துவமனை சேர்ந்தோர் பலர். வெயிலே காரணம் என்று அரசுத் தரப்பில் கூறப்பட்டது. அன்றைய வெப்பநிலை முப்பத்தைந்து பாகையை ஒட்டியே இருந்தது. சென்னைவாசிக்கு அது மே மாதத்தில் நல்ல நாள்!

இந்திய வானிலைத் துறையின் இலக்கணப்படி, சமவெளியில் 40 பாகையும் கடலோரத்தில் 37 பாகையும் எட்டி, அத்துடன் இயல்பைவிட 4.5 பாகையேனும் மிகுந்தால்தான் 'வெப்ப அலை'. ஆகவே ஐவரைக் கொண்டுபோன அந்த நாள் இலக்கணப்படி வெப்ப அலை நாளே அன்று. அதே அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என அறிவித்து, அதனால் உயிரிழப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் உதவித்தொகையும் குறித்தது. நல்ல செயல்; ஐயமில்லை. ஆனால் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்த்துப் பேரிடரை அறியப் புகுந்தால் கடலோரத்தில் நாம் ஏமாறுவோம் என்பதே என் கருத்து. ஏன் என்பதை உடலைக் கொண்டே விளக்கலாம்.

மனித உடல் ஓர் அடுப்பு. உண்ட உணவின் ஆற்றலில் பெரும்பகுதி, நாம் மூட்டை தூக்கினாலும் பந்து விளையாடினாலும், வெப்பமாகவே வெளிப்படுகிறது. நடுத்தர உழைப்பில் ஒருவன் உடல் ஏறத்தாழ 300 வாட் அளவில் ஆற்றலைச் செலவிடுகிறது. அதில் 270 வாட் வெப்பமாகிறது என்று கொள்வோம். அவன் எடை 60 கிலோ. உடலின் தன்வெப்பம் கிலோவுக்கு 3.5 கிலோஜூல். இவ்வெப்பம் சிறிதும் வெளியேறாது தங்கிவிட்டால் என்ன ஆகும்? பதின்மூன்று நிமிடங்களுக்கு ஒரு பாகை வீதம் உடல் சூடேறும். 37-இல் இருக்க வேண்டிய உட்சூடு 40-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. முக்கால் மணி நேரக் கணக்குத்தான்!

அவ்வாறு நேராமல் காப்பது வியர்வை. தோலின் சூடு 35 பாகையை ஒட்டியது. சுற்றியுள்ள காற்று அதைவிடச் சூடாகிவிட்டால், காற்று வெப்பத்தை எடுத்துச் செல்வதற்கு மாறாக உடலுக்குக் கொண்டுவந்து கொட்டுகிறது. அப்போது எஞ்சியிருக்கும் வழி ஆவியாதல் ஒன்றே. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை உடன்கொண்டு செல்லும். மேற்சொன்ன 270 வாட்டைப் போக்க மணிக்கு 400 கிராம் வியர்வை போதும். 'ஆவியாக வேண்டும்' என்பதே இங்கு நிபந்தனை. தரையில் சொட்டும் வியர்வையாலும் சட்டையைப் பிழிந்து ஊற்றும் வியர்வையாலும் குளிர்ச்சி இல்லை. உடலின் நீரும் உப்பும் வீணானதே மிச்சம். காற்றில் ஏற்கெனவே நீராவி நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாக இடமில்லை. சென்னையின் துன்பம் இதுதான்.

இவ்வுண்மையை முதலில் கண்டோர் சுரங்கங்களில் ஆராய்ந்தவர்கள். பிரிட்டன் நாட்டு உடலியல் அறிஞர் ஹால்டேன் 1905-இல் ஒரு முடிவை வெளியிட்டார். காற்றின் வெப்பநிலை எதுவாயினும் ஆகுக. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி அசையாக் காற்றில் ஏறத்தாழ 31 பாகையைத் தாண்டினால் உடற்சூடு ஏறத் தொடங்குகிறது என்பதே அது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இளைஞர்களை அறையில் வைத்துச் சோதித்து 2022-இல் வெளியிட்ட எல்லையும், ஈரம் மிக்க காற்றில், ஏறத்தாழ அதுவே. நூறாண்டுக்கு மேல் கழித்தும் எண் மாறவில்லை!

சுரங்கம் என்றதும் கோலார் தங்கவயல் நினைவுக்கு வராமல் இராது. பெங்களூருக்குக் கிழக்கே ஏறத்தாழ நூறு கிலோமீட்டரில் உள்ள அவ்வூரில், மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், சுடுகின்ற பாறையைக் குடைந்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து சென்ற நம்மவர். அங்கே தொழிலாளர் மயங்கி விழுவதைப் பற்றிக் காப்லான் என்பவர் 1940-களில் ஆராய்ந்து எழுதினார். சூட்டினால் உழைப்புத் திறன் குறையும் விதத்தை லிண்ட்சே என்பாருடன் சேர்ந்து 1946-இல் வெளியிட்டார். வெப்பமும் உழைப்பும் பற்றி உலகில் எழுந்த பழைய ஆய்வுகளில் அவை இடம்பெற்றன. சுரங்கம் 2001-இல் மூடப்பட்டது. அந்த ஆய்வுகளுக்கு உடலைத் தந்த தொழிலாளரின் பெயர்கள் நமக்குத் தெரியா.

சுரங்கத்தில் வெயில் இல்லை. மேலே நிலத்தில் ஞாயிறும் சேர்ந்துகொள்கிறது. அதையும் சேர்த்து அளக்கும் வழி அமெரிக்க மரைன் படை வீரர்களின் பயிற்சிக் களத்தில் பிறந்தது. தென் கரோலினாவில் பாரிஸ் தீவு என்னும் இடத்தில் புதிதாகச் சேர்ந்த இளைஞர் வெயிலில் அணிவகுத்து நடக்கையில் வீழ்வது வழக்கமாக இருந்தது. ஹார்வர்டைச் சேர்ந்த யாக்லூவும் கடற்படையைச் சேர்ந்த மினார்டும் இதனை ஆராய்ந்து, 1957-இல் ஓர் எளிய சூத்திரத்தைத் தந்தனர். ஆங்கிலத்தில் வெட் பல்ப் குளோப் டெம்பரேச்சர் என்பர். நாம் 'ஈரக்குமிழ்–கோள வெப்பநிலை' எனலாம். பெயர் நீளமாதலால் இக்கட்டுரையில் 'வெயில் எண்' என்றே சுருக்கிக்கொள்கிறேன்.

மூன்று வெப்பமானிகள் வேண்டும். முதலாவது, குமிழைச் சுற்றி ஈரத் திரி கட்டி வெயிலிலும் காற்றிலும் அப்படியே விடப்பட்டது. இரண்டாவது, 15 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள, பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் பூசிய செப்புக் கோளத்தின் நடுவே செருகப்பட்டது. ஞாயிற்றின் கதிரையும் சுடுதரையின் கதிரையும் இது வாங்கிக்கொள்ளும். மூன்றாவது, கதிர் படாமல் மறைத்து வைத்த சாதாரண வெப்பமானி. முதலாவதன் அளவை 0.7-ஆலும், இரண்டாவதை 0.2-ஆலும், மூன்றாவதை 0.1-ஆலும் பெருக்கிக் கூட்டினால் வெயில் எண் கிடைக்கும். நாம் நாள்தோறும் கேட்டுக் கொள்ளும் காற்றின் வெப்பநிலைக்கு இச்சூத்திரத்தில் நேரே கிடைக்கும் பங்கு பத்தில் ஒன்று. ஈரத்துணியின் பங்கு பத்தில் ஏழு.

இனிக் கணக்குப் போடுவோம். இவை எடுத்துக்காட்டுக்காக நான் வைத்துக்கொண்ட எண்கள், அளந்தவை அல்ல. ஆனால் அந்தந்த ஊருக்குப் பொருந்துவன.

நான் குடியிருக்கும் பொம்மசந்திராவை எடுத்துக்கொள்வோம். மஞ்சள் தட மெட்ரோவின் கடைசி நிலையம், ஓசூர்ச் சாலை, இருபுறமும் தொழிற்சாலைகள், தகரக் கூரைப் பட்டறைகள், லாரிகள் வரிசையாய் நிற்கும் வெட்டவெளி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் குளிர்ந்த ஊர் என்று பெயர் பெற்றது. ஆயினும் 2016 ஏப்ரலில் 39.2 பாகையும், 2024 ஏப்ரலில் 38.5 பாகையும் நகரம் கண்டது. அப்படி ஓர் ஏப்ரல் நண்பகலில் காற்று 37, காற்று உலர்ந்திருப்பதால் ஈரக்குமிழ் 22, கறுப்புக் கோளம் 50 என்று கொள்வோம். 15.4-உம் 10-உம் 3.7-உம் கூட்டினால் 29.1.

இப்போது சென்னையின் அக்டோபர். காற்று 34 மட்டுமே. ஈரக்குமிழ் 28, கோளம் 46. 19.6-உம் 9.2-உம் 3.4-உம் கூட்டினால் 32.2. கைப்பேசி மூன்று பாகை குறைவாகக் காட்டிய ஊரில் வெயில் எண் மூன்று பாகை மிகுதி! 32.2 என்பது ஃபாரன்ஹீட்டில் 90. அமெரிக்கப் படைப் பயிற்சிக் களங்களில் கறுப்புக் கொடி ஏற்றும் எல்லை அது. கால்பந்தாட்டத்தில் 2014-ஆம் ஆண்டு உலகக் கோப்பையில் ஆட்டத்தை இடையில் நிறுத்தி வீரர்களுக்கு நீர் கொடுக்க வகுத்த எல்லையும் 32 தான்.

மூன்றாவது கணக்கு ஒன்றும் உண்டு. பெங்களூர் நண்பர்கள் இதைக் கருதிப் பார்க்க வேண்டும். ஏப்ரல் இறுதியில் மாலை ஒரு மழை பெய்கிறது. மறுநாள் மீண்டும் வெயில். கைப்பேசி 33 என்கிறது. "அப்பாடா, வெயில் தணிந்தது" என்று மைதானத்துக்குப் புறப்படுகிறோம். ஆனால் மண்ணிலிருந்து நீராவி எழுந்து ஈரக்குமிழ் 24 ஆகியிருக்கிறது, கோளம் 46. கூட்டிப் பாருங்கள்: 29.3. நான்கு பாகை 'தணிந்த' பின்னர், உடலுக்கு வெயில் சற்றுக் கூடியிருக்கிறது.

வெயில் எண் கிடைத்ததும் அதனை உழைப்போடு ஒப்பிட வேண்டும். உலகத் தர நிறுவனத்தின் 7243-ஆம் தரம், 2017-இல் திருத்தப்பட்டபடி, வெயிலுக்குப் பழகிய உடலுக்கு வகுத்த எல்லைகள் இவை: ஓய்ந்திருப்போர்க்கு 33, இலேசான வேலைக்கு 30, நடுத்தர வேலைக்கு 28, கடும் உழைப்புக்கு 26, மிகக் கடும் உழைப்புக்கு 25. எனவே "இந்த வெயிலில் வேலை செய்யலாமா?" என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. பொம்மசந்திராவின் 29.1-இல் தொழிற்சாலை வாயிலில் நாற்காலியிட்டு அமர்ந்திருக்கும் காவலர்க்குத் தடையில்லை. அதே வாயிலுள் லாரியிலிருந்து மூட்டை இறக்குவோர் எல்லையைத் தாண்டிவிட்டனர். உடையும் கணக்கில் சேரும். இவ்வெல்லைகள் சாதாரணச் சட்டைக்கு உரியவை. நீராவி புகாத முழுக் காப்புடையை மாட்டிக்கொண்டு தொட்டி கழுவும் தொழிலாளிக்கு வெயில் எண்ணோடு மேலும் பத்துப் பாகை சேர்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு மார்கழி மாதத்திலும் கோடைதான்.

எல்லை தாண்டினால் வேலையை நிறுத்திவிட வேண்டுமா? வேண்டியதில்லை, ஓய்வைக் கலக்க வேண்டும். எவ்வளவு ஓய்வு? இதற்கும் கணக்கு உண்டு. நடுத்தர உழைப்புக்கு 300 வாட், இலேசான வேலைக்கு 180, ஓய்வுக்கு 115 என்று தரம் கொள்கிறது. மணிக்கு 45 நிமிடம் வேலை, 15 நிமிடம் ஓய்வு என்றால் சராசரி ஏறத்தாழ 254 வாட். 30-க்கும் 28-க்கும் இடையே நேர்விகிதத்தில் பகுத்தால் அதற்குரிய எல்லை 28.8. ஓய்வு நிழலில் என்றால் அங்கே வெயில் எண் 26 அளவே இருக்கும். ஒரு மணி நேரச் சராசரி 28.3. எல்லைக்குள் அடங்கிவிட்டது. அந்தப் பதினைந்து நிமிடத்தையும் வெயிலிலேயே உட்கார்ந்து கழித்தால்? சராசரி 29.1-ஆகவே நிற்கும், எல்லைக்கு வெளியே. மரத்தை வெட்டிவிட்டு "இடைவேளை கொடுத்திருக்கிறோமே" என்று சொல்லும் மேற்பார்வையாளர்க்கு இக்கணக்கைக் காட்டலாம்.

இதுவரை கூறியது பழகிய உடலுக்கு. பழகாத உடலின் எல்லைகள் இன்னும் கீழே: இலேசான வேலைக்கு 29, நடுத்தர வேலைக்கு 26, கடும் உழைப்புக்கு 23. மேற்கண்ட அதே வெயில், அதே வேலை. புதியவனுக்கு மணிக்கு 25 நிமிட ஓய்வு தேவைப்படுகிறது. உடல் வெயிலுக்குப் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். வியர்வை முன்னதாகவே சுரக்கவும், அதில் உப்புக் குறையவும், குருதியின் நீர் பெருகவும் அந்நாட்கள் வேண்டும். அதனால்தான் புதிய தொழிலாளிக்கு முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரமே வெயிலில் வேலை கொடுத்து, நாளுக்கு ஐந்தில் ஒன்றாகக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று அமெரிக்கத் தொழில் நல ஆய்வு நிறுவனம் வழிகாட்டுகிறது. நம் நாட்டில் கூலியாள் ஊரிலிருந்து வந்து இறங்கிய அன்றே முழு நாள் வேலை. அவர் நாட்கூலிக்காரர், ஐந்தில் ஒரு பங்கு வேலைக்கு ஐந்தில் ஒரு பங்கு கூலிதான் என்றால் எந்த அறிவுரையும் செல்லாது. இதை அறிவியலால் தீர்க்க முடியாது. கூலி பேசும் இடத்தில்தான் தீர்க்க வேண்டும்.

நம் மாணவர் பலரும் இந்தப் 'புதியவர்' கணக்கில் வருவோர் என்பதை இங்குச் சொல்லியே ஆக வேண்டும். வேலூரிலோ மதுரையிலோ பிறந்து வளர்ந்தவர்கள்தாமே, நமக்கு வெயில் புதிதா என்று எண்ணுகிறோம். பழக்கம் பிறப்பில் இல்லை. வெயிலை விட்டு விலகிய மூன்று நான்கு வாரங்களில் உடல் அதன் பெரும்பகுதியை மறந்துவிடும். பெங்களூரின் குளிர்ந்த ஆய்வுக்கூடத்தில் பத்து மாதம் இருந்துவிட்டு, மே மாதத்தில் ஊருக்குப் போன மறுநாளே நண்பகலில் கபடிக்கு இறங்குபவரின் உடல், அவ்வூர்க்காரரின் உடல் அன்று. முதல் வாரம் காலையிலும் மாலையிலும் மட்டும் ஆடுக. தம்பிமார் கேலி செய்தால் செய்யட்டும்.

தமிழ்நாட்டில் இத்துறையில் நீண்ட காலமாக ஆய்வு நடத்திவருவது சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி நிறுவனம். உப்பளத்திலும் செங்கற்சூளையிலும் வயலிலும் வெயில் எண்ணை அளந்து, தொழிலாளரின் உடல்நிலையோடு ஒப்பிட்டுவருகின்றனர். உப்பளத்தில் வெயில் மேலிருந்தும் வரும், வெள்ளை உப்பிலிருந்து எதிரொளித்துக் கீழிருந்தும் வரும். நீர் இழந்து உழைப்பவரின் சிறுநீரகம் கெடுகிறது. வேலை செய்யும் கருவுற்ற பெண்கள் 800 பேரை ஆராய்ந்து 2024-இல் வெளிவந்த முடிவு, எல்லை தாண்டிய வெப்பத்தில் உழைத்தோர்க்குக் கருச்சிதைவும் குழந்தை இறந்து பிறத்தலும் ஏறத்தாழ இரு மடங்கு என்று காட்டியது. இன்னொன்றும் அங்கு வெளிப்பட்டது: வேலைத் தலத்தில் கழிப்பிடம் இல்லாமையால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கின்றனர். "அடிக்கடி நீர் அருந்துக" என்று பலகை எழுதி வைப்பவர் பலகைக்குப் பக்கத்தில் கதவுள்ள ஒரு கழிப்பிடமும் கட்ட வேண்டும்.

கருவியைப் பற்றிச் சிறிது கூறுவேன். விலைக்கு வாங்கினால் பல்லாயிரம் ஆகும்; நம் கையால் செய்துகொண்டால் சில நூறு. அரைப் பாகையேனும் காட்டும் வெப்பமானி மூன்று. விளக்குத் திரி போன்ற வெள்ளைப் பருத்தித் திரி. ஒரு கறுப்புக் கோளம். கோளத்துக்கு மேசைப்பந்தில் கறுப்பு வண்ணம் பூசிப் பயன்படுத்துவோரும் உண்டு. ஆனால் சிறு கோளம் காற்றில் எளிதில் குளிர்ந்துவிடும் ஆதலால் வெயிலைக் குறைத்துக் காட்டும். குறைத்துக் காட்டும் கருவி இங்கு ஆபத்தான கருவி. 15 சென்டிமீட்டர்ச் செப்பு மிதவைப் பந்து கிடைத்தால் அதுவே நன்று. திரிக்குக் குழாய்க் கிணற்று நீரை ஊற்றக் கூடாது. பொம்மசந்திராப் பக்கத்துக் கிணற்று நீரின் உப்பு ஒரு வாரத்தில் திரியைக் கல்லாக்கிவிடும். மின்கலத்துக்கு ஊற்றும் வடிநீர் போதும். திரி காய்ந்துவிட்டால் ஈரக்குமிழ் உலர்குமிழாகிவிடும். கணக்கு முழுதும் பாழ். மூன்றையும் மார்பளவு உயரத்தில், மனிதர் நிற்கும் இடத்திலேயே நிறுத்துக. அலுவலக மாடியில் அன்று. கோளம் நிலைப்பட இருபது நிமிடமாவது ஆகும். ஆய்வுக்கூடத்தில் சுழற்றி அளக்கும் ஈரமானியை இதற்குப் பயன்படுத்துவது சரியன்று. இங்கு ஈரக்குமிழ் இயற்கைக் காற்றையும் வெயிலையும் தானே ஏற்க வேண்டும்.

அளந்தும் ஒருவர் விழுந்துவிட்டால், பேச்சுத் தடுமாறுகிறதா, தான் எங்கிருக்கிறோம் என்பது தெரியாமல் விழிக்கிறாரா என்று முதலில் பார்க்க வேண்டும். ஆம் எனில் அது வெறும் களைப்பன்று, வெப்பத் தாக்கு. வாகனம் வரும்வரை காத்திராமல், நிழலுக்குக் கொண்டுபோய், உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் நீரை ஊற்றி விசிறுக. தொட்டி நிறையக் குளிர்ந்த நீர் இருந்தால் தலை நனையாமல் கழுத்துவரை அமிழ்த்துவது இன்னும் சிறந்தது. நினைவில்லாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. குளிர்விப்பதைத் தொடங்கிவிட்டே 108-ஐ அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். இங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்கு.

நம் மன்றத்தின் விளையாட்டுப் போட்டிகள் வழக்கம்போல் மார்ச் இறுதியில் பிற்பகல் இரண்டு மணிக்கு அறிவிக்கப்பட்டுள்ளன. ஓட்டமும் கபடியும் கடும் உழைப்பு வகை. பழகாதவர்க்கு எல்லை 23. போட்டிக்கு முந்தைய வாரம் மைதானத்தின் நடுவில் காலை ஏழு, நண்பகல், பிற்பகல் இரண்டு, மாலை ஐந்து என நான்கு வேளையும் அளந்து குறித்துச் செயலாளரிடம் கொடுப்பதாக இருக்கிறேன். வெப்பமானிகளும் திரியும் வந்துவிட்டன. செப்புப் பந்துக்கு மட்டும் பளபளப்பில்லாத கறுப்பு வண்ணம் இன்னும் கிடைக்கவில்லை. வைத்திருப்போர் தெரிவித்தால் நான் வந்து பெற்றுக்கொள்வேன்.